கொட்டாங்குச்சியிலும் பழைய டப்பாவிலும் சக்குலன்ட் செடிகள்: வளர்க்கவும் பெருக்கவும் முழுமையான வழிகாட்டி

ஐப்பசி அடைமழை ஓய்ந்த ஒரு காலையில், மாடிக் கைப்பிடிச் சுவரோரம் வைத்திருந்த எச்செவேரியா என்ற சக்குலன்ட் செடியின் கீழ் இலை ஒன்றைத் தொட்டுப் பார்த்தேன். முந்தைய வாரம் வரை சாம்பல் பூத்த பச்சையாக இருந்த இலை, வெந்த வெங்காய இதழைப் போல ஒளி ஊடுருவும் நிறத்துக்கு மாறியிருந்தது. விரல் பட்டதும் எந்த எதிர்ப்பும் இல்லாமல் கழன்று கையோடு வந்தது. செடியை வெளியே எடுத்துப் பார்த்தபோது தண்டு கறுத்து, வேர் இருந்த இடத்தில் கொழகொழப்பு மட்டுமே மிஞ்சியிருந்தது. அது நின்றிருந்தது துளையில்லாத ஒரு பழைய பீங்கான் கிண்ணம். அடியில் இரண்டு அங்குலத்துக்குக் கூழாங்கல் பரப்பியிருந்ததால் தண்ணீர் அங்கே இறங்கிவிடும் என்று நான் நம்பியிருந்தேன்.

நம் சமவெளியில் சக்குலன்ட் எனப்படும் சதைப்பற்றுச் செடிகளுக்கு வெயிலைவிட வேரடியில் தங்கும் ஈரமே பெரிய பகை. வீட்டில் கழித்துப்போட்ட பாத்திரங்களில் இவற்றை வளர்க்க விரும்புவோர் செடியைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்பே பாத்திரத்தின் அடியைத் திருப்பிப் பார்க்க வேண்டும். இந்த வழிகாட்டி சென்னையையும் அதைப் போன்ற வெப்பமும் ஈரக்காற்றும் மிகுந்த ஊர்களையும் மனத்தில் வைத்து எழுதப்பட்டது. ஊட்டி, கொடைக்கானல் போன்ற குளிர்ந்த ஊர்களில் சில விதிகள் இன்னும் தளர்வாக இருக்கலாம்.

செடியின் இயல்பை முதலில் அறிதல்

பெரும்பாலான செடிகள் பகலில் இலைத்துளைகளைத் திறந்து கரியமிலவாயுவை எடுத்துக்கொள்கின்றன. சக்குலன்ட் வகைகளில் பல, நீரிழப்பைத் தவிர்ப்பதற்காக இரவில்தான் இலைத்துளைகளைத் திறக்கின்றன. அப்போது உள்ளே வாங்கிய வாயுவை ஓர் அமிலமாகச் சேமித்து வைத்து, மறுநாள் வெளிச்சம் வந்த பிறகு உணவாக்குகின்றன. ஜேட் செடியும் ரணகள்ளியும் அடங்கிய கிராசுலேசி குடும்பத்தின் பெயரையே தாவரவியலார் இந்த முறைக்குச் சூட்டியுள்ளனர். இந்த வேலை நன்றாக நடக்க இரவு குளிர்ந்திருக்க வேண்டும். அக்னி நட்சத்திர நாட்களில் நம் இரவுகள் வெக்கையாகவே இருப்பதால் பல செடிகள் வளர்ச்சியை ஏறக்குறைய நிறுத்திவிடுகின்றன. வாடியிருக்கிறதே என்று இரக்கப்பட்டு அந்த நேரத்தில் தண்ணீரும் உரமும் கூட்டினால், குடிக்காத செடியின் வேரடியில் அந்தத் தண்ணீர் தேங்கி அழுகலைக் கொண்டுவரும்.

ஆகவே தொடக்கத்தில் வெப்பத்தைத் தாங்கும் செடிகளையே எடுத்துக்கொள்வது நல்லது. சோற்றுக்கற்றாழை, ரணகள்ளி, பாம்புச் செடி, பத்துமணிப் பூ, அடீனியம் ஆகியவை நம் வெயிலுக்குப் பழகியவை. நர்சரிகளில் ஜேட் என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் போர்ட்டுலக்காரியா என்ற வேறு செடி. செம்பழுப்புத் தண்டும் சுண்டுவிரல் நகமளவு இலையும் அதன் அடையாளம். பெயர் மாறினாலும் இழப்பில்லை, ஏனெனில் தென்னாப்பிரிக்காவைச் சேர்ந்த அந்தச் செடி உண்மையான ஜேட்டைவிட நம் வெயிலை நன்றாகத் தாங்குகிறது. ரோஜா இதழடுக்குப் போன்ற செடிதான் வேண்டும் என்போர் முதலில் கிராப்டோபெட்டாலம் வளர்த்துப் பழகலாம். அது இலையிலிருந்தே எளிதில் பெருகும், தவறுகளையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். நேரடி வெயில் இல்லாத ஜன்னலுக்கு ஹவொர்த்தியா ஏற்றது. வெண்பொடி பூத்த எச்செவேரியா வகைகள் மெக்சிகோவின் மலைப்பகுதிகளிலிருந்து வந்தவை. காலிம்போங் போன்ற மலையூர் நர்சரிகளில் வளர்ந்து பார்சலில் வரும் அத்தகைய செடிகள் கடலோர ஊரில் வந்து இறங்கியதும் திணறுவது இயற்கையே. ஒரு மழைக்காலத்தை வெற்றிகரமாகக் கடந்த பிறகு அவற்றை வாங்குவது பணத்துக்கும் மனத்துக்கும் நல்லது.

பாத்திரம்: துளை, உயரம், பொருள்

அடியில் கூழாங்கல் போட்டால் தண்ணீர் வடிந்துவிடும் என்ற நம்பிக்கை பரவலானது, ஆனால் தவறானது. பாத்திரம் தேய்க்கும் பஞ்சு ஒன்றைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, படுக்கைவாட்டில் உள்ளங்கையில் ஏந்திப் பாருங்கள். சிறிது நேரம் சொட்டிவிட்டு நின்றுவிடும். இப்போது அதே பஞ்சைச் செங்குத்தாக நிமிர்த்தினால் மீண்டும் தண்ணீர் வடியும். தொட்டி மண்ணும் இதே முறையில்தான் நீரைப் பிடித்து வைக்கிறது. எந்த மண்கலவையாக இருந்தாலும், வடிந்து முடிந்த பிறகும் அடியில் குறிப்பிட்ட உயரத்துக்கு ஈரம் நிறைந்த அடுக்கு ஒன்று தங்கிவிடும். நுண்ணிய மண்ணிலிருந்து பெரிய கற்களுக்கிடையே தண்ணீர் எளிதில் இறங்காது என்பதால், கூழாங்கல் பரப்பினால் அந்த ஈர அடுக்கு கல்லுக்கு மேலே, வேருக்கு இன்னும் அருகில் வந்து நிற்கும்.

இதிலிருந்து இரண்டு முடிவுகள் கிடைக்கின்றன. துளையில்லாத பாத்திரத்தை எந்தக் கல்லும் காப்பாற்றாது. தட்டையான பாத்திரத்தில் மண்ணின் பெரும்பகுதியே ஈர அடுக்காகிவிடும் என்பதால், ஆழம் குறையக் குறைய கலவை கரடுமுரடாக இருக்க வேண்டும். அழகுக்காக நாம் தேடி எடுக்கும் தேநீர்க் கோப்பை, அகல்விளக்கு, கொட்டாங்குச்சி எல்லாம் ஆழம் குறைந்தவை என்பதால் இதை நான் அழுத்திச் சொல்கிறேன்.

என் விருப்பப் பாத்திரம் கொட்டாங்குச்சிதான். தேங்காயை உடைத்த பின் கண் இருக்கும் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று கண்களில் ஒன்று மெல்லியது; அதை ஒரு கம்பியால் குத்தினாலே வடிகால் துளை கிடைத்துவிடும், துளைப்பான் தேவையில்லை. உள்ளே ஒட்டியிருக்கும் தேங்காயைச் சுத்தமாகச் சுரண்டி, இரண்டு நாள் வெயிலில் காயவைக்க வேண்டும். சுரண்டாமல் விட்டால் எறும்பும் பூஞ்சணமும் வரும். உருளாமல் நிற்பதற்கு, பழைய வளையல் ஒன்றின் மேல் உட்கார வைக்கலாம்.

பால்பவுடர் டின், எண்ணெய் டின் போன்றவற்றில் நீண்ட ஆணியை உட்புறமிருந்து வெளிப்புறமாக அடித்துத் துளையிடுங்கள். வெளியிலிருந்து உள்ளே அடித்தால் தகரத்தின் விளிம்பு உட்புறமாக எழும்பி, அதன் உயரத்துக்குத் தண்ணீர் தேங்கும். உள்ளங்கை அகலமுள்ள டின்னுக்கு நான்கைந்து துளைகள் வேண்டும். தகரம் வெயிலில் கொதிக்கும் என்பதால் அதை மேற்கு வெயிலில் வைக்கக் கூடாது. ஓரிரு ஆண்டுகளில் துருப்பிடித்து ஓட்டையாவதையும் எதிர்பார்த்துக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் ஐஸ்கிரீம் டப்பாவில் சூடாக்கிய கம்பியால் துளையிடலாம். அப்போது எழும் புகை கெடுதியானது என்பதால் இதைத் திறந்த வெளியில், பிள்ளைகள் அருகில் இல்லாதபோது செய்யுங்கள். மெல்லிய பிளாஸ்டிக் வெயிலில் ஓராண்டிலேயே நொறுங்கத் தொடங்கி, துகள்களாக மண்ணில் கலக்கும். அதனால் அதை நிழலான இடத்துக்கு மட்டும் ஒதுக்குகிறேன்.

பீங்கான் கோப்பையில் துளையிட வைரத்தூள் பதித்த துளைமுனை வேண்டும். கோப்பையைக் கவிழ்த்து, துளையிடும் இடத்தில் தண்ணீர் ஊற்றிக்கொண்டே, துளைப்பானின் சுத்தியல் இயக்கத்தை அணைத்துவிட்டு, குறைந்த வேகத்தில் அழுத்தாமல் துளைக்க வேண்டும். கருவி இல்லாதவர்கள் செடியைத் துளையுள்ள சிறு டப்பாவில் நட்டு, கோப்பையை வெளிக்கூடாக மட்டும் பயன்படுத்தலாம். தண்ணீர் ஊற்றும்போது டப்பாவை வெளியே எடுத்து, வடிந்த பின் திரும்ப வைத்தால் போதும்.

எல்லாவற்றிலும் சிறந்தவை சுடுமண் பாத்திரங்கள். விளிம்பு உடைந்த தயிர்ச்சட்டி, பொங்கல் பானையின் அடிப்பாதி, கூரையிலிருந்து இறக்கிய ஓடு ஆகியவை சுவரின் வழியாகவும் ஈரத்தை வெளியேற்றும். பூச்சிமருந்து டப்பா, பேட்டரிக் கூடு, எஞ்சின் எண்ணெய் டப்பா ஆகியவற்றை எவ்வளவு கழுவினாலும் பயன்படுத்தக் கூடாது.

மண்கலவை

நான் பயன்படுத்தும் அளவு இது: சலித்த செம்மண் ஒரு பங்கு, செங்கல் துண்டும் கரடுமுரடான மணலும் சேர்ந்து இரண்டு பங்கு, நன்கு மக்கிய மண்புழு உரம் அரைப் பங்கு, ஒரு கைப்பிடி அடுப்புக்கரித் துண்டு. கொட்டாங்குச்சி போன்ற ஆழமற்றவற்றுக்குச் செங்கல், மணலின் அளவை மூன்று பங்காக உயர்த்துகிறேன்.

செங்கல் துண்டைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் விலை கொடுத்து வாங்கும் பெர்லைட், பியூமிஸ் ஆகிய நுண்துளைக் கற்களுக்குப் பதிலாக நம் தெருவிலேயே கிடைக்கும் பொருள் அது. கட்டுமான இடத்தில் கிடக்கும் நாட்டுச் செங்கல் துண்டைச் சாக்கில் போட்டுச் சுத்தியலால் உடைத்து, ரவை சலிக்கும் சல்லடையில் சலியுங்கள். கீழே விழும் பொடி வேண்டாம், அது துளைகளை அடைத்துவிடும். மேலே நிற்பவற்றில் துவரம்பருப்பு முதல் கொண்டைக்கடலை வரையான அளவில் இருப்பவை போதும். அவற்றைக் கழுவிக் காயவைத்தால், சிறிது ஈரத்தைத் தனக்குள் வைத்துக்கொண்டு இடையில் காற்றுக்கும் வழிவிடும் அருமையான பொருள் கிடைக்கும். சிமென்ட் பூச்சு ஒட்டிய துண்டுகளைத் தவிர்க்க வேண்டும், அது மண்ணைக் காரமாக்கும். எம்-சாண்ட் பயன்படுத்துவோர் தண்ணீர் தெளியும் வரை அலசித் தூசியை நீக்க வேண்டும். கடற்கரை மணலில் உப்பு இருப்பதால் அதைத் தொடவே வேண்டாம். தேங்காய் நார்க்கழிவு ஈரத்தை அதிக நேரம் பிடித்து வைக்கும். நர்சரியிலிருந்து வாங்கிய செடிகள் பெரும்பாலும் அதிலேயே நடப்பட்டிருப்பதால், வேரைச் சுற்றியுள்ள கழிவைப் பொறுமையாக உதிர்த்துவிட்டு நட வேண்டும்.

கலவை சரிதானா என்பதை அறிய, ஒரு பிடியை நனைத்து இறுக்கிப் பிடித்துக் கையைத் திறந்து பாருங்கள். கொழுக்கட்டை போல நின்றால் இன்னும் செங்கல் வேண்டும்; தானாக உதிர்ந்தால் சரியான பதம்.

நடுதலும் தண்ணீரும்

துளையின் மேல் கொசுவலைத் துண்டு ஒன்றை வைத்து, உலர்ந்த கலவையை நிரப்பி, உலர்ந்த வேருடனேயே செடியை நடுங்கள். கீழ் இலைகள் மண்ணில் படாதபடி சற்று உயர்த்தி, மேலே செங்கல் துண்டுகளைப் பரப்பினால் இலையடி ஈரமில்லாமல் இருக்கும். நட்டவுடன் தண்ணீர் ஊற்றக் கூடாது. நடும்போது அறுந்த வேர் நுனிகள் ஆறுவதற்கு நான்கைந்து நாட்கள் விட்டு, பிறகு முதல் தண்ணீர் விடுங்கள்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று பலரும் கேட்கிறார்கள். நாள் கணக்கு இதற்கு உதவாது. துடைப்பத்திலிருந்து ஓர் ஈர்க்குச்சியை உருவி, பாத்திரத்தின் அடிவரை செருகிச் சில நிமிடங்கள் கழித்து எடுத்துப் பாருங்கள். குச்சி கருமையாகவோ மண் ஒட்டியோ வந்தால் காத்திருக்க வேண்டும். உலர்ந்து வந்தால், துளை வழியே வெளியேறும் வரை தாராளமாக ஊற்ற வேண்டும். கரண்டியளவு தினமும் தெளிப்பது மேல்வேரை மட்டும் நனைத்து, செடியை எப்போதும் அரைத்தாகத்தில் வைத்திருக்கும். கோடையில் மாலை வெயில் இறங்கிய பின் ஊற்றுவது நல்லது.

ஆழ்துளைக் கிணற்று நீரில் உப்பு மிகுந்திருந்தால் மண்ணின் மேலும் பாத்திரத்தின் விளிம்பிலும் வெள்ளைப் படிவு தோன்றும். அத்தகைய வீடுகளில் பிடித்துவைத்த மழைநீரோ ஏசியிலிருந்து வடியும் தண்ணீரோ உதவும். ஆர்ஓ கருவி வெளியேற்றும் கழிவுநீரில் உப்பு இன்னும் செறிவாக இருப்பதால் அதை ஊற்றக் கூடாது. தொட்டியின் அடியில் தட்டு வைத்திருந்தால் ஊற்றிய சிறிது நேரத்திலேயே கவிழ்த்துவிடுங்கள். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு வளர அந்தச் சிறிய தேக்கமே போதும்.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை கிழக்கு வெயில் படும் பால்கனி பெரும்பாலானவற்றுக்கு உகந்தது. சித்திரை, வைகாசியில் பாதி வெயிலை மறைக்கும் நிழல்வலை கட்டுங்கள். அடீனியத்துக்கும் பத்துமணிப் பூவுக்கும் வலை தேவையில்லை. மழைக்காலத்தில் கற்றாழையைத் தவிர மற்றவற்றை நேரடி மழை படாத இடத்துக்கு மாற்றுவதே பாதுகாப்பு.

பெருக்குதல்

தை, மாசி மாதங்களே இதற்குச் சிறந்த காலம். மழை ஓய்ந்து, இரவு சற்றுக் குளிர்ந்து, செடிகள் உற்சாகமாக இருக்கும். ஆடி, ஆவணி அடுத்த வாய்ப்பு. ஐப்பசி, கார்த்திகையில் வெட்டுக்காயம் ஆறுவதற்குள் அழுகிவிடும்.

இலையிலிருந்து வளர்ப்பதுதான் இவற்றுள் மிகுந்த மகிழ்ச்சி தருவது. கிராப்டோபெட்டாலத்தின் கீழ்வரிசையிலிருந்து தடித்த இலை ஒன்றை இரு விரலால் பிடித்து, இடமும் வலமுமாக மெல்ல அசைத்துக் கழற்றுங்கள். இலை தண்டோடு சேரும் அடிமுனை முழுமையாக வர வேண்டும். புதுச்செடி அந்த முனையிலிருந்துதான் பிறக்கும், பாதியில் முறிந்த இலை பயன்படாது. நிழலில் காகிதத்தின் மேல் நான்கைந்து நாட்கள் விட்டால் காயம் உலர்ந்து மெல்லிய தோல் மூடும்.

அடுத்த கட்டத்துக்கு, பயன்பாட்டிலிருந்து ஒதுக்கிய பழைய இட்லித் தட்டைவிட நல்ல நாற்றுத்தட்டை நான் பார்த்ததில்லை. குழியின் துளைகளே வடிகாலாகிவிடும். பழைய இட்லித் துணியைக் குழிகளில் விரித்து, மணலும் சிறு செங்கல் துண்டும் கலந்து விரல்கனத்துக்கு நிரப்பி, குழிக்கு மூன்று இலைகளாக மேலே கிடத்துங்கள், புதைக்க வேண்டாம். நேரடி வெயில் படாத வெளிச்சமான இடத்தில் வைத்துவிட்டு, வேர் தோன்றும் வரை தண்ணீர் காட்டாமல் இருங்கள். இரண்டு மூன்று வாரங்களில் அடிமுனையில் இளஞ்சிவப்பு நூல்களாக வேர் இறங்கும். அதன்பின் கடுகளவில் ஒரு மொட்டு எழும்பும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால் அதற்குள்ளேயே நான்கைந்து இலைகள் அடுக்கடுக்காக அமைந்திருப்பது தெரியும். வேரை மணலால் மூடி, இரண்டு மூன்று நாளுக்கொருமுறை காலையில் தெளிப்பானால் நனைத்தால் போதும். தாயிலை சுருங்கிக்கொண்டே போவது கெடுதியல்ல, தன்னிடமுள்ள நீரையும் உணவையும் அது குட்டிக்குக் கொடுக்கிறது. முழுவதும் காய்ந்து தானாக விழும் வரை அதைப் பிய்க்காதீர்கள். பத்து இலை வைத்தால் பத்தும் பிழைக்காது: சில வேர் மட்டும் விடும், சில அழுகும். அழுகியதை உடனே அகற்றுங்கள்.

சோற்றுக்கற்றாழை இலையை நறுக்கி மண்ணில் செருகிவிட்டுக் காத்திருப்போர் பலர். அது வேர்விடாது, அழுகவே செய்யும். பக்கக் கன்றுகள் விரல்நீளத்துக்கு மேல் வளர்ந்து சொந்த வேர் விட்டதும் பிரித்து நடுவதே வழி. ஹவொர்த்தியாவுக்கும் இதே முறைதான் எளிது.

பாம்புச் செடியின் இலையை ஏழெட்டு சென்டிமீட்டர்த் துண்டுகளாக வெட்டி நடலாம். ஆனால் எது அடிப்பக்கம் என்பதை மறக்கக் கூடாது, தலைகீழாக நட்ட துண்டு வேர்விடாது. வெட்டும்போதே அடிமுனையில் ஒரு சிறு கொத்து வெட்டி அடையாளம் வையுங்கள். மஞ்சள் விளிம்புள்ள வகையை இவ்வாறு பெருக்கினால் புதுச்செடி வெறும் பச்சையாகவே வரும். விளிம்பு வேண்டுமென்றால் கிழங்கோடு பிரித்துத்தான் நட வேண்டும்.

போர்ட்டுலக்காரியா, ஜேட் ஆகியவற்றில் விரல்நீளக் கிளையை ஒடித்து, ஒரு வாரம் காயவைத்து நட்டால் போதும். பத்துமணிப் பூவைக் கிள்ளிய கையோடு நடலாம். ரணகள்ளி இலையை ஈரமண்ணின் மேல் வெறுமனே போட்டாலே விளிம்பின் பள்ளங்களிலிருந்து குட்டிகள் முளைக்கும். அடீனியம் கிளையிலும் வேர்விடும் என்றாலும், விதையிலிருந்து வந்த செடிக்கே அந்தப் பருத்த அடித்தண்டு நன்றாக உருவாகும். அடீனியத்தின் சாறும் கள்ளி வகைகளின் பாலும் நஞ்சு. கள்ளிப்பால் கண்ணில் பட்டால் பெரும் கேடு. கையுறை அணிந்து வெட்டி, வெட்டுமுனையைத் தண்ணீரில் நனைத்துப் பால் நின்ற பிறகு ஒரு வாரம் காயவையுங்கள். பூனை, நாய், ஆடு வளர்ப்போர் ரணகள்ளியை எட்டாத இடத்தில் வைக்க வேண்டும்.

கோளாறுகளைப் படித்தறிதல்

இலை சுருங்கி, ஆனால் உறுதியாக இருந்தால் தாகம். இலை ஊதி, ஒளி ஊடுருவும் நிறத்தில் கழன்றால் அழுகல். அப்போது செடியை உடனே பிடுங்கி, தண்டின் உட்புறம் பழுப்புப் புள்ளியே இல்லாத இடம் வரும் வரை சுத்தமான கத்தியால் மேல்நோக்கி வெட்டிக்கொண்டே போக வேண்டும். மிஞ்சிய தலையைக் காயவைத்துப் புதிதாக நடலாம். என் எச்செவேரியாவின் தண்டில் அப்படி ஓர் இடம் மிஞ்சவில்லை. இலைகளுக்கிடையே இடைவெளி விட்டுத் தண்டு நீண்டால் வெளிச்சம் போதவில்லை. தலையை வெட்டி மீண்டும் நட்டு, வெளிச்சத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள். அடித்தண்டு பல கிளைகளாகத் துளிர்க்கும்.

இலைக்கக்கத்தில் பஞ்சு போல ஒட்டியிருப்பது மாவுப்பூச்சி. கிருமிநாசினியாக விற்கும் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தெடுங்கள். பரவியிருந்தால், ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயும் சில துளி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளிக்கலாம். வெண்பொடி பூத்த செடிகளில் எண்ணெய் தெளித்தால் அந்தப் பொடி போய்விடும், அது வெயிலிலிருந்து இலையைக் காப்பது என்பதால் அங்கே பஞ்சு மட்டுமே போதும். எறும்பு வரிசை தென்பட்டால் வேரிலும் பூச்சி இருக்கிறதா என்று தொட்டியிலிருந்து எடுத்துப் பாருங்கள், ஏனெனில் எறும்புகளே அவற்றை இடம் மாற்றிப் பரப்புகின்றன.

இட்லித் தட்டிலுள்ள குட்டிகள் ஒரு ரூபாய் நாணய அகலத்துக்கு வந்ததும் தனித்தனிக் கொட்டாங்குச்சிக்கு மாற்றலாம். ஓரிரு ஆண்டுகளில் கொட்டாங்குச்சியின் அடி மென்மையாகி விரலால் அழுத்தினால் உள்வாங்கும். அப்போது செடியை இழுத்துப் பிடுங்காமல், கொட்டாங்குச்சியை இரண்டாக உடைத்துப் பிரித்து, வேரோடு ஒட்டிய மண்ணுடனேயே சற்றுப் பெரிய மண்சட்டிக்கு மாற்றுங்கள். உடைந்த ஓட்டைத் துண்டுதுண்டாக்கி உரக்குழியில் போட்டுவிடலாம்.